சிவப்பு கிட்டாருக்குப் பதினெட்டு

தோழிகளே, போன வாரம் நம் எட்டாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு பழைய கல்யாணப் போட்டோ வந்ததே, அதற்கு நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை என்று மணப்பெண்ணின் தங்கை கோபித்துக்கொண்டாள். அவள் அக்கா கல்யாண வரவேற்பில் எடுத்த போட்டோ. மேடையில் பாட்டுக் குழு, ஓரத்தில் கிட்டாரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறவர் என் சித்தப்பா. ஒருத்தி விடாமல் எல்லாரும் இதயம் போட்டீர்கள். "கறுப்பு வெள்ளையா இருந்தா இன்னா, அந்த கிட்டாரோட சிவப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது" என்று பெங்களூரில் இருக்கிறவள் எழுதினாள். நான் முட்டி வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

முட்டி வலி உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. எனக்கு வெட்கம். அறுபதைத் தாண்டிய பிறகும் அந்தப் போட்டோவை நேராகப் பார்க்க முடியாத அளவுக்கு வெட்கம். அன்றைக்கு நான் ஒரு பொய் சொன்னேன், அதுவும் உங்கள் முன்னால் தலை நிமிர்ந்து நிற்பதற்காகச் சொன்னேன். அதனால் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நகரியில் எங்கள் வீட்டின் பின்கட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுப்பாடம் எழுத வந்தவர்கள் எல்லாம் அரைமணியில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவீர்கள். நாலு தறியும் ஓடும்போது கொட்டகைக்குள் ஒருத்தர் கத்தினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. அதனால் அங்கே பேச்சே கிடையாது, எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் நிறுத்து. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு சுட்டுவிரலையும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே வைத்துக் காட்டினால் இழை மாறிப்போய்விட்டது, தப்பு நடந்துவிட்டது, வந்து பார் என்று அர்த்தம். எனக்குப் பேச்சு வந்ததற்கு முன்னால் இந்தக் கைப்பேச்சு வந்ததாக அம்மா சொல்லுவாள்.

தறி எங்கே கெட்டுப்போகிறது என்று அந்தச் சத்தத்தில் காதால் கண்டுபிடிக்க முடியாது. நைனா, அதாவது என் அப்பா, தறியில் குறுக்கு நூல் ஓட்டுகிற பழைய மர நாடா ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையைத் தறிச் சட்டத்தில் வைத்து, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொள்வார். மற்ற மூன்று தறியின் இரைச்சல் விலகிவிடும். நாடா வைத்த தறியின் சத்தம் மட்டும் எலும்பு வழியாகத் தலைக்குள் வரும். நானும் விளையாட்டாக வைத்துப் பார்ப்பேன். பத்து வயதில் ஒருநாள், மூன்றாவது தறியில் ஏதோ பல்லைக் கடிக்கிற மாதிரி கேட்கிறது என்று சொன்னேன். நைனா சிரித்தார். இரண்டாம் நாள் அந்தத் தறியின் பேரிங் உடைந்தது.

அன்றிலிருந்து நான் காதுக்காரி. "அந்தக் காதுக்காரியக் கூப்புடு" என்று நைனா ஆள் அனுப்பினால் நான் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு டாக்டர் மாதிரிப் போவேன். கர்வம் என்றால் அப்படியொரு கர்வம். உங்களிடமும் எவ்வளவு பீற்றிக்கொண்டிருக்கிறேன்! வீட்டில் யாரும் என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

சித்தப்பா நைனாவுக்குப் பன்னிரண்டு வயது இளையவர். நான்காவது தறி அவருடையது. ஆனால் மனசு தறியில் இல்லை. திருப்பதியில் கல்யாண மண்டபங்களில் பாடுகிற ஒரு மெல்லிசைக் குழுவில் யாராவது வராத நாளில் போய் கிட்டார் வாசித்துவிட்டு வருவார். கிட்டாரும் இரவல். மரக்கலரில், பூச்சு உரிந்து, பார்க்கப் பழைய அலமாரிக் கதவு மாதிரி இருக்கும். ஒருமுறை அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தபோது உங்களில் ஒருத்தி பார்த்துவிட்டு, "உங்க சித்தப்பா கட்டையத் தூக்கினு போறாரு, அடுப்புக்கா?" என்று கேட்டாள். யார் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கே தெரியும். நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அது இரவலு மே. எங்க சித்தப்பா சொந்தமா வாங்கப் போறாரு. ரத்தச் சிவப்பு. கைப்பிடி வெச்சது. அத்த அமுக்கினா பாட்டு அப்பிடியே ஊஞ்சலாடும், பாத்துக்கினே இருங்க" என்றேன். அப்படி ஒரு கிட்டாரை நான் காலண்டர் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அந்த வருஷம் கோடை முகூர்த்தம் தொடங்கும்போது குழுத் தலைவர் சித்தப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். சொந்த கிட்டாரோடு வா, நகரியில் ஒரு வரவேற்பு இருக்கிறது, அதில் வாசி, நன்றாக இருந்தால் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்று. அந்த வரவேற்புதான் போட்டோவில் இருப்பது. நைனா சித்தப்பாவைக் கூப்பிட்டு, "போ, போய் வாசி. அங்க ஆவலன்னா அதோட உட்டுடணும். தறிய நின்னுபோக உட்டுக்கினு ஆடக் கூடாது" என்றார். அந்த ஒரு சாயங்காலத்தில்தான் சித்தப்பாவின் மீதி வாழ்க்கை இருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

கிட்டார் வாங்கத் திருப்பதிக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். "காது வேணும்ல, அதான் இட்டுனு போறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். புத்தூர் தாண்டும்வரை பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தார். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை. கடைக்காரர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். ஈயம் உருகுகிற வாடை, மேலே தொங்குகிற ஸ்பீக்கர்கள், மூலையில் இரண்டு கிட்டார்.

ஒன்று ரத்தச் சிவப்பு. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, பளிச்சென்று ஒரு கைப்பிடி. நான் உங்களிடம் சொன்னது அப்படியே எழுந்து வந்து நின்றது. இன்னொன்று மரக்கலர். மறுபடியும் மரக்கலர்!

"ரெண்டும் ஒரே ரேட்டு பாபு. ஏதி காவாலன்டே அதி தீஸ்கோ, எது வேணுமோ எடுத்துக்கோ" என்றார் கடைக்காரர். ஆனால் கரண்ட் இல்லை. சாயங்காலம்தான் வருமாம். ஸ்பீக்கர் பெட்டியில் சொருகிப் பார்க்காமல் கரண்ட் கிட்டாரை எப்படி வாங்குவது? சித்தப்பா முகம் வாடிவிட்டது. சாயங்காலம்வரை காத்திருந்தால் கடைசி பஸ் போய்விடும். அப்போதுதான் நான், "நம்ம தறிக்குப் பாக்குற மாதிரி பாக்கலாம் சித்தப்பா" என்றேன். அவர் என் தலையில் செல்லமாகத் தட்டினார்.

தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கிட்டாரின் தலைப்பக்கத்தை என் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார். தடித்த கம்பியை ஒரே ஒரு முறை தட்டினார். சத்தம் எலும்பில் சாகிறவரை நான் விநாடி முள்ளைப் பார்த்து எண்ண வேண்டும்.

முதலில் சிவப்பு. தட்டியதும் சத்தத்தோடு கூடவே உள்ளே ஏதோ சலசலத்தது. அந்தக் கிட்டாரில் கம்பிகள் வந்து உட்காருகிற பிரிட்ஜ் மரத்தில் ஒட்டாமல் ஸ்பிரிங் மேல் நிற்கிறது. கைப்பிடியை அமுக்கினால் அது ஆட வேண்டுமே, அதற்காக. கம்பியின் சத்தத்தை மரத்துக்குப் போகவிடாமல் ஸ்பிரிங் நடுவிலேயே தின்றுகொண்டிருந்தது. பதினொரு விநாடியில் ஒன்றுமில்லை.

அடுத்தது மரக்கலர். அதன் பிரிட்ஜ் ஆடாது. கெட்டி இரும்புப் பட்டை, மரத்தோடு வைத்து நாலு திருகாணியால் முறுக்கியிருந்தது. சித்தப்பா தட்டினார். தோழிகளே, அதை எப்படிச் சொல்வது? கட்டை முழுக்கப் பேசியது. என் தாடை, பல், கழுத்து எல்லாம் அதிர்ந்தது. பத்தைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது, முதலில் கேட்ட அதே கனத்தோடு மெல்ல மெல்லத் தேய்ந்து பதினெட்டாவது விநாடியில்தான் நின்றது. அதன் கழுத்து யாரோ வருஷக்கணக்காக வாசித்து வழவழப்பாகியிருந்தது. சித்தப்பாவின் இடது கை அதில் வேலை தெரிந்த கை மாதிரி ஏறி இறங்கியது. "இது வயித்துல வந்து பேசுது பாப்பா" என்றார், வயிற்றோடு அணைத்துக்கொண்டு. கண்ணை மூடியிருந்தார்.

பிறகு கண்ணைத் திறந்து, "இன்னா வந்துது?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது நீங்கள்தான் தெரிந்தீர்கள். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, அடுப்புக்கா என்று கேட்டுச் சிரிக்கிற முகங்கள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "மரக்கலரு பதினொண்ணு. சிவப்பு பதினெட்டு" என்றேன்.

சித்தப்பா மரக்கலரை மறுபடி தட்டினார். வயிற்றில் வைத்துப் பார்த்தார். "எனக்கு மாத்தித் தெரியுதே பாப்பா" என்று சந்தேகமாகத்தான் சொன்னார். "இன்னொரு தபா பாக்குறியா?" என்றார்.

அது எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. நான் மறுபடி காதில் வைத்து, மறுபடி எண்ணி, மறுபடி அதே பொய்யைச் சொன்னேன். கடைக்காரர் மட்டும் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே விலை, எது போனால் அவருக்கு என்ன?

"காதுக்காரி சொன்னா சரிதான்" என்றார் சித்தப்பா. கையில் இருந்தது போதாமல் கைக்கடிகாரத்தையும் கொடுத்துவிட்டுச் சிவப்பை வாங்கினார். நான் எண்ணிப் பார்த்த அதே கடிகாரம். பஸ்ஸில் கிட்டாரை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வரவேற்பு உங்களுக்கு நினைவிருக்கிற மாதிரிதான் தொடங்கியது. விளக்கு போட்டதும் சிவப்பு தகதகவென்று மின்னியது. அடுப்புக்கா என்று கேட்டவள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பாட்டில் கைப்பிடியை அமுக்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவர் என்னைத் தேடிப் பார்த்து, கண்ணடித்து, அமுக்கினார். பாட்டு ஊஞ்சலாடியது. நீங்கள் எல்லாரும் கத்தினீர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்ததில்லை.

அவ்வளவுதான். ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆறு கம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் சுருதி இறங்கிவிட்டது. சித்தப்பா ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் முறுக்காணியைத் திருகினார். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போனது. பாடுகிற அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாலாவது பாட்டின் நடுவில் குழுத் தலைவர் ஆர்மோனியத்திலிருந்து எழுந்தார், சிரித்த முகத்தோடு நடந்து வந்தார், சித்தப்பாவின் கிட்டாரிலிருந்து வயரைப் பிடுங்கிக் கீழே போட்டார். காதருகே ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று சித்தப்பா பின்னால் நைனாவிடம் சொல்லித்தான் தெரியும். "எறங்கிப் போவாத, மேடை அசிங்கமாயிடும். சிரிச்சுக்கினு நில்லு."

சித்தப்பா நின்றார். மீதி எல்லாப் பாட்டுக்கும், சத்தமே வராத கிட்டாரை, ஒரு சுரம்கூட விடாமல் சிரித்துக்கொண்டே வாசித்தார். உங்களில் யாருக்கும் தெரியவில்லை. கல்யாணச் சந்தடியில் யார் கவனிப்பது? எனக்கு மட்டும் தெரிந்தது, நான் காதுக்காரி ஆயிற்றே. போட்டோக்காரர் அப்போதுதான் வந்தார். நம்பாவிட்டால் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். மற்ற எல்லாரிடமிருந்தும் பெட்டிக்கு வயர் போகிறது. சித்தப்பாவின் கிட்டாரில் வயர் இல்லை. அதற்குத்தான் நீங்கள் இதயம் போட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அம்மா கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். குழுத் தலைவர் சாதகம் போதாது என்று சொல்லி அனுப்பினார். நைனா, "அவன் கை அவ்ளோதான். மேடைக்கு ஆவாத கை" என்று முடித்துவிட்டார். கிட்டாரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் மட்டும் கிட்டார்தான் சரியில்லையோ என்று இழுத்தார். சித்தப்பாவே மறுத்தார். "அதுல தப்பு இருக்காதுண்ணா. எங்க பாப்பா காதுல வெச்சுப் பாத்துக் குடுத்தது." நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த கவளத்தைப் பிசைந்தேன்.

மறுநாள் காலை நாலாவது தறி ஓடத் தொடங்கியது. பிறகு நிற்கவே இல்லை. சிவப்பு கிட்டார் கொட்டகையில் ஆணியில் தொங்கியது. பஞ்சு படிந்து வெள்ளையாகிவிட்டது. கம்பியை ஒவ்வொன்றாக எடுத்து எதையாவது கட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள். ஒரு போகியில் அம்மா அதைத் தூக்கி நெருப்பில் போட்டாள். பூச்சு படபடவென்று வெடித்தது. தம்பிகள் கைதட்டினார்கள். கைப்பிடி மட்டும் வேகாமல் சாம்பலில் கிடந்தது, அதை எடுத்து நான் சாக்கடையில் எறிந்தேன்.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகிறது. சித்தப்பாவுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்கு அப்படித்தான் ஆகிறது. காதுக்கு வைக்கிற மிஷினும் உதவவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தெருவே கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும். நான் உண்மையைச் சொல்லாமல் இருந்ததற்கு இதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு விஷயத்தை எப்படிக் கத்திச் சொல்வது?

போட்டோ வந்த பிறகு மூன்று நாள் தூக்கமில்லை. திருப்பதியில் காலேஜில் படிக்கிற என் பேத்தி இரண்டு மாதம் முன்பு ஒரு கரண்ட் கிட்டார் வாங்கியிருந்தாள். "கைப்பிடி வெச்சது வாங்கலையா?" என்று அப்போது கேட்டேன். "அதெல்லாம் சும்மா ஷோ பாட்டி, டியூன் நிக்காது. இது பிக்ஸட் பிரிட்ஜ். சத்தம் கெட்டியா இருக்கும்" என்றாள். பதினெட்டு வயதுப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். முந்தாநாள் அவளையும் கிட்டாரையும் அழைத்துக்கொண்டு நகரிக்குப் போனேன்.

சித்தப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கிட்டாரைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து இன்னா இது என்று கேட்டார். அதன் தலைப்பக்கத்தை அவர் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினேன். தடித்த கம்பியை ஒரு முறை தட்டினேன்.

சித்தப்பாவின் முகம் மாறியது. காது கேட்காவிட்டால் என்ன, அதிர்வு எலும்பில் ஏறுமே. எத்தனை வருஷம் கழித்து அவர் தலைக்குள் ஒரு சுரம் போகிறது! கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் தானாக மற்ற விரல் கணுக்களை எண்ணத் தொடங்கியது. நாலு விரலின் பன்னிரண்டு கணுவும் முடிந்து மறுபடி முதலிலிருந்து எண்ணியது. பாதியில், பதினெட்டில் நின்றது. கண்ணைத் திறந்து கிட்டாரைப் பார்த்தார். மரக்கலர். பிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார், அசையவில்லை.

"அன்னிக்கு அந்தக் கடையில" என்றார், காது கேட்காதவர்களின் உரத்த குரலில். "அந்த மரக்கலரு. அது இப்பிடித்தானே பேசுச்சு? வயித்துல? நீ பதினொண்ணுன்னு சொன்னியே?"

நான் இரண்டு சுட்டுவிரலையும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே வைத்துக் காட்டினேன்.

அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கீழே இறக்காமல் நின்றேன். பேத்தி ஒன்றும் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் திட்டியிருக்கலாம், அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எதிர் வீட்டுக்காரி வெளியே வந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாகக் கேட்டார்.

"அப்போ என் கையி நல்லாத்தான் இருந்துச்சா, பாப்பா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பேத்தி பிடித்திருந்த கிட்டாரை அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கம்பியை அழுத்தப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு அந்த இடது கையை எடுத்துக் கிட்டார்மேல் வைத்து, வலது கையால் மெதுவாகத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தார். நாங்கள் கிளம்புகிறவரை தடவிக்கொண்டே இருந்தார்.